கோடிங் விளையாட்டு: பிள்ளையின் கையில் கொடுக்கும் முன்



கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இணையத்தில் இதை வாசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

முன்பெல்லாம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர்கள் கேட்ட கேள்வி எளிமையாக இருந்தது. "பையன் எந்நேரமும் போனில் கேம் விளையாடுகிறான், என்ன செய்வது?" என்பார்கள். இப்போது அந்தக் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. "ஹஜ்ரத், இது சும்மா கேம் இல்லையாம். விளையாடிக்கொண்டே கோடிங் கற்றுக்கொள்ளலாமாம். கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்கிறார்கள்.

நம் அச்சரப்பாக்கத்தில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் ரயிலேறி செங்கல்பட்டு, தாம்பரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், வண்டி பரனூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக மகேந்திரா சிட்டியைப் பார்க்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு இளைஞர்கள் இறங்கிப் போவதையும் பார்க்கிறார்கள். கிழக்கே மாமல்லபுரம் போகும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் சிறுசேரி வரை கணினி நிறுவனங்கள்தான். "நம் பிள்ளையும் ஒருநாள் அந்தக் கட்டடத்துக்குள் போக மாட்டானா?" என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஹலாலான உழைப்பு, கௌரவமான வருமானம், யாரிடமும் கை நீட்டாத வாழ்க்கை. அந்த ஆசைக்கு இன்று நாம் வைத்திருக்கும் பெயர்தான் 'கோடிங்'.

ஆசை இருக்கிற இடத்துக்கு வியாபாரமும் வந்து சேரும். 2020-இல், பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த நேரத்தில், 'ஒயிட்ஹேட் ஜூனியர்' என்ற நிறுவனம் சின்னப் பிள்ளைகளுக்கான கோடிங் வகுப்புகளை நாடு முழுவதும் விளம்பரம் செய்தது. ஒரு சிறுவன் கோடிங் கற்று, கூகுளில் கோடிக்கணக்கான ரூபாய் சம்பளத்தில் வேலை வாங்கிவிட்டான் என்றது ஒரு விளம்பரம். விசாரித்துப் பார்த்தால் அப்படி ஒரு சிறுவனே கிடையாது. அவன் ஒரு கற்பனைப் பாத்திரம். புகார்கள் குவிந்தன. விளம்பரங்களைக் கண்காணிக்கும் இந்திய விளம்பரத் தர மன்றம் தலையிட்ட பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் 5 விளம்பரங்களைத் திரும்பப் பெற அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பொய்யான ஒரு சிறுவனைக் காட்டி உண்மையான பிள்ளைகளின் பெற்றோரைப் பதற வைத்தார்கள். ஆகவே 'கோடிங்' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அவசரத் தீர்ப்புகள்

இந்த விஷயத்தில் இரண்டு வகையான அவசரத் தீர்ப்புகளைப் பார்க்கிறோம். "படிப்புதானே, கொடுத்துவிடு" என்பது ஒன்று. "கேம் என்றாலே வீண், பிடுங்கிவிடு" என்பது இன்னொன்று. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டில் எதைச் சொல்வதற்கும் நீங்கள் அந்தத் திரையை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அடுத்தவர் சொல்வதையும் கேளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுரை சொன்னார்கள். தாயும் தகப்பனும் தங்கள் வீட்டின் நீதிபதிகள். கோடிங் விளையாட்டைப் பற்றி ஒரு தரப்பாக விளம்பரக்காரர் பேசுகிறார். இன்னொரு தரப்பாகப் பயந்துபோன பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிறார். விளையாடுகிற பிள்ளையிடமும், அந்த விளையாட்டிடமும் நாம் எப்போது விசாரிக்கப் போகிறோம்?

நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஒரு அடிப்படையைச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உலக வாழ்க்கை தொடர்பான விஷயங்கள், தடை என்று ஆதாரம் வராதவரை அனுமதிக்கப்பட்டவையே. ஆகவே 'கேம்' என்ற பெயருக்காக ஒன்றை ஹராம் ஆக்க நமக்கு அதிகாரம் இல்லை. அதே நேரத்தில், 'கல்வி' என்ற பெயர் ஒட்டியிருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் சுத்தமாகிவிடுவதும் இல்லை. பெயரை விட்டுவிட்டு உள்ளே பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

உதாரணத்துக்கு உண்மையான ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 'கோட்காம்பேட்' என்று ஒன்று இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. கணினியில் பிரவுசரிலேயே விளையாடலாம். ஆரம்பப் பகுதி இலவசம். சந்தா கட்டினால் கூடுதல் லெவல்கள் திறக்கும்.

கதை இதுதான். ஒரு வீரன் நிலவறைக்குள் சிக்கியிருக்கிறான். அங்கே கூர்மையான முட்கள் பதித்த பொறிகள் இருக்கின்றன. பளபளக்கும் ரத்தினம் ஒன்றும் இருக்கிறது. அதை அவர்கள் 'ஜெம்' என்கிறார்கள். பொறியில் விழாமல் ஜெம்மை எடுக்க வேண்டும். மற்ற விளையாட்டுகளில் விரலால் தள்ளினால் வீரன் ஓடுவான். இதில் அப்படி ஓட மாட்டான். திரையின் ஒரு பக்கத்தில் பிள்ளை கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். 'வலப்பக்கம் போ, கீழே போ, மறுபடி வலப்பக்கம் போ' என்று மூன்று வரி. அதுவும் பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இலக்கணப்படி. எழுதி முடித்து 'ரன்' என்ற பட்டனை அழுத்தினால், எழுதியபடியே வீரன் நடப்பான். வரிசை தப்பினால் பொறியில் விழுவான்.

அடுத்தடுத்த லெவல்களில் 'ஓகர்' என்கிற அரக்கர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு அரக்கனின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் எழுதினால்தான் வீரன் தாக்குவான். பிறகு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற நிபந்தனைக் கட்டளை எல்லாம் படிப்படியாக வருகின்றன. சேர்த்த ஜெம்களைக் கொடுத்துக் கடையில் காலணியோ வாளோ வாங்கினால், அதற்குரிய புதிய கட்டளைகள் கிடைக்கும்.

இவ்வளவுதான் விளையாட்டு. இனி ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

கற்பது நடக்கிறதா?

சில விளையாட்டுகளில் படிப்பு என்பது மேலே ஒட்டிய லேபிள். பலூனைச் சுட்டால் நடுவே ஒரு கணக்கு வரும். கணக்கை எடுத்துவிட்டாலும் விளையாட்டு அப்படியே ஓடும். நாம் பார்த்த விளையாட்டில் கோடிங்கை எடுத்துவிட்டால் வீரன் ஓர் அடிகூட நகர மாட்டான். அந்த வகையில் அது சொன்னதைச் செய்கிறது. நேர்மையாக அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நல்ல விஷயமும் அதில் இருக்கிறது. வீரன் பொறியில் விழும்போது பிள்ளை யாரையும் குறை சொல்ல முடியாது. தம்பி தள்ளிவிட்டான், வாத்தியார் சரியில்லை என்றெல்லாம் சொல்ல இடமில்லை. தான் எழுதிய வார்த்தைதான் தன் கண்முன்னே நடந்தது. திரும்ப வாசித்து, தவறிய வரியைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறான். தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதை நாம் எத்தனையோ பயான்களில் சொல்கிறோம். ஒரு பத்து வயதுப் பிள்ளை அதை விரல் நுனியில் உணர்கிறான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு லெவலுக்கும் விடை யூடியூபில் கிடைக்கிறது. பார்த்து அப்படியே தட்டச்சு செய்தாலும் வீரன் நடப்பான், ஜெம் கிடைக்கும், திரை பாராட்டும். பிள்ளை முப்பது லெவல் முடித்துவிட்டான் என்று நீங்கள் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவன் கற்றதோ, உழைக்காமல் பாராட்டு வாங்கும் வித்தை. திரைக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். எப்படித் தெரியும்? ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, "நேற்று முடித்த லெவலை எனக்குச் சொல்லிக் கொடு. ஏன் இங்கே திரும்ப வேண்டும்?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் கற்றிருக்கிறான். முழித்தால், அவனைத் திட்ட வேண்டாம். எங்கே தவறினான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

எதை ஆசைப்பட வைக்கிறது?

இரண்டாவது விசாரணை, போனை அணைத்த பிறகு செய்ய வேண்டியது. அணைத்த பிறகு பிள்ளையின் மனதில் எது மிச்சம் இருக்கிறது? "அந்த வாள் வாங்க இன்னும் இருநூறு ஜெம் வேண்டும்" என்பதா? "நானே இப்படி ஒன்று செய்து பார்க்கணும்" என்பதா?

இந்த இடத்தில் தகப்பனின் நிய்யத்தும் பிள்ளையின் நிய்யத்தும் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். தகப்பன் மகேந்திரா சிட்டியை நினைத்துக் கொடுக்கிறார். பிள்ளை ஜெம்மை நினைத்து விளையாடுகிறான். அது இயல்புதான்; குழந்தைக்கு இருபது வருடத்துக்குப் பிறகு வரப்போகிற சம்பளம் புரியாது. ஆனால் ஜெம்மிலேயே அவன் நின்றுவிடாமல் அடுத்த படிக்கு ஏற வைப்பது நம் வேலை.

அந்த அடுத்த படி நம் வீட்டிலேயே இருக்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகைப் புரட்டிப் பாருங்கள். 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருளைப் பற்றிப் பாடம் இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-இல் பிள்ளைகளுக்காக வெளியிட்டது அது. முற்றிலும் இலவசம், இணையம் இல்லாமலும் கணினியில் ஓடக்கூடிய வடிவமும் உண்டு. கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தி, பிள்ளை தானே ஒரு கதையையோ விளையாட்டையோ உருவாக்கலாம். ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்பவர்களுக்கு, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழி இருக்கிறது. அதில் 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் பீரோவின் மேல் தூங்குகிறது. அதை இறக்கித் துடைத்துப் பாருங்கள்.

அடுத்தவர் செய்துவைத்த நிலவறைக்குள் ஓடுவதும் நல்லதுதான். தானே ஒரு நிலவறையை வரைந்து, தங்கையை அதில் ஓடச் சொல்லிப் பார்ப்பது அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. ஒரு விளையாட்டு பிள்ளையை அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறதா, வாங்கும் ஆசையிலேயே கட்டி வைக்கிறதா என்று பாருங்கள்.

காசைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். சில விளையாட்டுகளில் ஒரு பெட்டிக்குக் காசு கட்டச் சொல்வார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது. இது பிள்ளைகளுக்குப் போட்ட சூதாட்டப் பயிற்சி. பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018-இலேயே இதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது. நாம் பார்த்த கோடிங் விளையாட்டில் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குகிறார்கள். ஆகவே அது இந்த வகையில் சேராது. என்றாலும் தகப்பனின் வங்கிக் கணக்கு இணைந்த போன் பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. இது எந்த விளையாட்டுக்கும் பொருந்தும்.

பாங்கு சொன்னால் எழ முடியுமா?

மூன்றாவது விசாரணைக்கு ஒரு சுலபமான அளவுகோல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை அது ஒலிக்கிறது.

மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறார்கள். பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டு எழ முடிகிறதா? இந்தக் கேள்வியின் பதில் பாதி பிள்ளையிடம் இருக்கிறது. மீதி அந்த விளையாட்டைச் செய்தவரிடம் இருக்கிறது. நேரலையில் நான்கு பேர் கூட்டாகச் சண்டை போடும் விளையாட்டில், நடுவில் எழுந்தால் கூட்டாளிகள் திட்டுவார்கள், தோற்றுப்போவார்கள். எழ விடாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. நாம் பார்த்த விளையாட்டில் லெவல்கள் தனித்தனியானவை. எழுதியதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால் வீரன் காத்திருப்பான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கு ஏற்ற விளையாட்டு என்பதற்கு இது ஒரு நல்ல அடையாளம்.

உலக சுகாதார நிறுவனம் நோய்களைப் பட்டியலிடும் தன் தொகுப்பின் புதிய பதிப்பில் 'விளையாட்டு அடிமைத்தனத்தை'யும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன் அடையாளங்களாக அவர்கள் சொல்வது மூன்று. விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாக் காரியங்களையும்விட அதற்கு முன்னுரிமை கொடுப்பது, கெடுதல் நேர்வது தெரிந்தும் தொடர்வது. விளையாட்டின் பெயர் கோடிங்கா, துப்பாக்கியா என்று அந்த மூன்றில் எதுவும் கேட்கவில்லை. நல்ல விளையாட்டிலும் ஒரு பிள்ளை மூழ்கிப்போகலாம். பாங்கு கேட்டு எழ முடியாத பிள்ளை, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழ மாட்டான். உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் எழ மாட்டான். அன்றைக்கே நாம் கவனிக்க வேண்டும்.

வாளும் மந்திரமும்

"ஹஜ்ரத், அதில் அரக்கன் வருகிறான், மந்திரவாதி வருகிறான், வாளால் வெட்டுகிறார்கள். சரியா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே ஒரு குதிரை இருந்தது. அதற்குத் துணியால் இரண்டு இறக்கைகள். குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வியப்போடு கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. பிள்ளையின் கற்பனைக்கு வீட்டில் இடம் இருந்தது என்று இதிலிருந்து நாம் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் கற்பனைக்கு இடம் கொடுப்பது வேறு. கற்பனையைப் பிள்ளையின் நம்பிக்கையாக வளர விடுவது வேறு. மந்திரம் என்பது இந்தக் கதையில் மட்டும்தான், நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? விளையாட்டில் எதிரே வருகிறவனை அடிப்பதுதான் ஒரே வழி. வாழ்க்கையில் எதிரே வருகிறவனோடு பேசலாம், விட்டுக்கொடுக்கலாம், மன்னிக்கலாம் என்று சொல்லியிருக்கிறோமா? விளையாட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நண்பனின் மனதைப் புண்படுத்தினால் அப்படித் தொடங்க முடியாது என்று சொல்லியிருக்கிறோமா? இதையெல்லாம் எந்த விளையாட்டும் சொல்லித் தராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

வயதையும் பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதையும் நிஜமும் இன்னும் முழுதாகப் பிரிந்திருக்காது, தட்டச்சும் வராது. பத்து வயதுக்குமேல் இரண்டும் வந்துவிடும்.

நமக்குக் கிடைக்கும் நிம்மதி

சகோதரர்களே, இப்போது கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம்.

'கோடிங் கேம்' என்ற சொல் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? கடையை மூடிவிட்டுக் களைத்து வருகிறோம். வீட்டில் அவளும் களைத்திருக்கிறாள். பிள்ளை சுற்றிச் சுற்றி வருகிறான். போனைக் கொடுத்தால் வீடு அமைதியாகிவிடும். ஆனால் மனசு உறுத்தும். அந்த நேரத்தில் யாரோ வந்து, "இது கேம் இல்லை, படிப்பு" என்று சொல்கிறார்கள். உறுத்தல் போய்விடுகிறது. அந்த விளையாட்டு பிள்ளைக்கு எதைக் கற்றுக் கொடுத்ததோ தெரியாது. நமக்கு முதலில் நிம்மதியைக் கொடுத்துவிட்டது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற நிம்மதியை நாம் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. "எதையாவது கற்றுக் கொடுத்தால்தான் விளையாட விடுவேன்" என்பதும் பிள்ளைக்குச் செய்யும் அநீதிதான். விளையாட்டு பிள்ளையின் உரிமை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சின்னப் பிள்ளை. அவரிடம் விளையாட ஒரு சின்னப் பறவை இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போது, அந்தப் பறவைக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம் விசாரிப்பார்கள். ஒரு சமுதாயத்தின் பொறுப்பையே சுமந்தவர்கள், ஒரு பிள்ளையின் பறவையைப் பற்றி அந்தப் பிள்ளையிடமே கேட்டார்கள். அந்தப் பறவையால் என்ன பயன் என்று கேட்டதாக எந்தச் செய்தியிலும் இல்லை.

நம் பிள்ளையிடம், "உன் வீரன் இப்போது எந்த லெவலில் இருக்கிறான்?" என்று நாம் கேட்டிருக்கிறோமா?

ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்திலுள்ள நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். மேய்ப்பவர் ஆடு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர். நல்ல புல்வெளி என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆட்டை ஓட்டிவிட்டு மரத்தடியில் தூங்குகிறவரை நாம் மேய்ப்பவர் என்று சொல்ல மாட்டோம்.

மகளுக்கும் உண்டா?

"பையனுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்களில் "மகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? வீட்டில் ஒரு லேப்டாப்தான் இருக்கிறது. மகன் அதில் கோடிங் விளையாடுகிறான். மகள் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறாள். இந்தக் காட்சி நம் வீடுகளில் புதிதில்லை. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்தபோது, அதற்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளிடையே நீதியாக நடக்கச் சொன்னார்கள். அறிவும் ஓர் அன்பளிப்புதான். நல்லது என்று முடிவு செய்தால் இருவருக்கும் நல்லது. பாத்திரமும் இருவருக்கும் பொது.

கற்பது எதற்காக?

கணினிக் கட்டளைகளின் வரிசைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். அந்தச் சொல், 9-ஆம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் பின் மூஸா அல்குவாரிஸ்மி அவர்களின் பெயரிலிருந்து வந்தது. 'அல்ஜீப்ரா' என்ற சொல்லும் அவருடைய நூலின் பெயரிலிருந்தே பிறந்தது. இதைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அந்த நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வாரிசுரிமையும் மரண சாசனமும். ஒருவர் இறந்துபோனால் மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடன்காரருக்கு எவ்வளவு என்று பிசகில்லாமல் பிரிப்பதற்கான கணக்குகள். நிலம் அளப்பது, வியாபாரப் பங்கு பிரிப்பது ஆகியவையும் அவர் மனதில் இருந்தன. யாருடைய உரிமையும் யாரிடமும் சிக்கிவிடக் கூடாது என்பதற்கு அந்த அறிவு துணையாக இருந்தது.

இன்று கடன் கொடுக்கலாமா, வேலைக்கு எடுக்கலாமா, யாருக்கு எந்தச் செய்தியைக் காட்டலாம் என்பதையெல்லாம் கோடிங்தான் பல இடங்களில் முடிவு செய்கிறது. நம் பிள்ளை நாளை அதை எழுதப்போகிறவனாக இருக்கலாம். கட்டளை எழுதத் தெரிந்தவனாக அவனை ஆக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் கட்டளையை எழுதக் கூடாது என்று தெரிந்தவனாக ஆக்குவது வீட்டில்தான் நடக்க வேண்டும். பத்து வயதில், யூடியூபில் விடை கிடைத்தும் அதைத் திறக்காமல் தானே யோசித்த பிள்ளையிடம் அதன் முதல் எழுத்து தொடங்குகிறது.

என் கருத்து

கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் பார்த்த இந்த விளையாட்டு பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தும். ஏழெட்டு வயதில் அவசரம் வேண்டாம். அந்த வயதுக்கு மண்ணும் பந்தும் சைக்கிளும் போதும். முதல் மாதம் இலவசப் பகுதி மட்டும். சந்தாவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து. பாங்கு கேட்டால் எழ வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் சமமாக. ஆரம்பப் பகுதி முடிந்ததும் ஸ்கிராட்சில் தானே ஒன்றைச் செய்யட்டும்.

ஆனால் வேறு பெயரில் வேறொரு விளையாட்டு நாளை வரும். அதற்கும் என்னிடம் தீர்ப்புக் கேட்டு வர வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். இந்த வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். நீங்கள் தட்டச்சு செய்த வரியில் வீரன் பொறியில் விழுவான், பிள்ளை சிரிப்பான், சிரிக்கட்டும். அந்த இருபது நிமிடத்தில் விளையாட்டைப் பற்றியும் தெரிந்துகொள்வீர்கள். பிள்ளையைப் பற்றி அதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்வீர்கள். தீர்ப்பு அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வாயாக. அவர்கள் கற்பதை மக்களுக்குப் பயனுள்ளதாக ஆக்குவாயாக. அவர்களுக்குக் கொடுக்க எங்கள் கையில் நேரத்தையும், மனதில் பொறுமையையும் தருவாயாக. எங்களிடம் நீ ஒப்படைத்த அமானிதத்தைப் பற்றி விசாரிக்கப்படும் நாளில் எங்களைத் தலைகுனிய விடாதிருப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.